நோய் தாங்கும் விதையில்லாத் திராட்சை: முதல் தலைமுறைக் கன்றுகளில் எதை வைத்துக்கொள்வது?

பந்தல்நிழல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கலப்புச் செய்தேன். அடிச்சாம்பல் நோயை நன்றாகத் தாங்கும், ஆனால் விதையுள்ள ஒரு கலப்பினக் கொடி தாய். ஃப்ளேம் சீட்லெஸ் கொடியின் மகரந்தம் தந்தை. கிடைத்த விதைகளை ஈர மணலில் கலந்து மூன்று மாதம் குளிரில் வைத்து முளைக்கவிட்டதில் 74 கன்றுகள் எழுந்தன. எந்த மருந்தும் தெளிக்காமல் இரண்டு மழைப் பருவங்களைக் கடக்கவிட்டேன். 41 கன்றுகள் மிஞ்சின. அவற்றுள் இதுவரை 26 காய்த்திருக்கின்றன.

அந்த 26-இல் ஐந்தில் மட்டுமே விதை, வாயில் தட்டுப்படாத மெல்லிய சுவடாக நின்றுவிட்டது. ஐந்திலும் இலை தூய்மையாக இருப்பவை இரண்டு. அந்த இரண்டின் பழமோ சிறியது; தோல் தடித்து, சதை வழவழப்பாக, பழுத்ததும் காம்பை விட்டு உதிர்ந்துவிடுகிறது. விதையின்மை ஓங்குபண்பு என்று படித்திருந்ததால் பாதிக் கன்றுகளாவது விதையில்லாமல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கலப்பின்போது வேறு மகரந்தம் விழுந்துவிட்டதோ என்ற ஐயம் இப்போது எழுகிறது.

எனக்கு இருக்கும் இடத்தில் 30 கொடிகளுக்கு மேல் வளர்க்க இயலாது. விதையுள்ள 21 கொடிகளையும் இந்தக் கவாத்தோடு அகற்றிவிட்டு, அந்த இரண்டை மட்டும் போத்து வைத்துப் பெருக்கலாம் என்று எண்ணுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் இது சரியா என்று சொல்ல வேண்டும்.

சூல்முடிச்சு

தயவுசெய்து எதையும் அகற்ற வேண்டாம். முதலில் உங்கள் எண்ணிக்கைக்கு விளக்கம் சொல்கிறேன். அதில் பிழை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விதையில்லாத் திராட்சை என்று நாம் அழைப்பவற்றுள் இரண்டு வகை உண்டு. உலர்த்திப் பயன்படுத்தும் பிளாக் கொரிந்த் போன்றவற்றில் கருவுறுதலே இல்லாமல் பிஞ்சு கனியாகிறது. அதனால் பழம் மிகச் சிறியது. தாம்சன் சீட்லெஸ் என்றும் சுல்தானினா என்றும் வழங்கும் ரகத்திலும் அதன் வழிவந்தவற்றிலும் நடப்பது வேறு. அங்கே மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் முறையாக நடக்கின்றன. கரு உருவாகி வளரத் தொடங்கிய பின், முளைசூழ்தசை சிதைந்து, விதையுறை கெட்டிப்படாமல் நின்றுவிடுகிறது. நீங்கள் பழத்தை வெட்டும்போது காணும் சுவடு, பாதி வழியில் நின்றுபோன அந்த விதைதான். இன்று சந்தைக்கு வரும் விதையில்லாத் திராட்சைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரே ஊற்றிலிருந்து தம் பண்பைப் பெற்றவை.

இந்தப் பண்பை ஆளும் முதன்மை இடம் 18-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எஸ்டிஐ என்று பெயர். அங்குள்ள ஏஜிஎல்11 என்னும் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியதால், புரதத்தின் 197-ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் அமர்ந்திருப்பதே காரணம் என்று 2018-இல் காட்டப்பட்டது. இது ஓங்குபண்பு என்று நீங்கள் படித்ததும் சரிதான். ஆனால் தனித்து வேலை செய்வதில்லை. தனித்தனியே கடத்தப்படும் மூன்று ஒடுங்கு மரபணுக்களும் உடன் சேர்ந்தால்தான் விதை முழுமையாக ஒடுங்குகிறது என்ற கருத்து 1996-லேயே முன்வைக்கப்பட்டு, இன்றும் வளர்ப்பாளர்களின் கணக்குக்கு அடிப்படையாக இருக்கிறது. உங்கள் தாய்க்கொடியின் முன்னோர்களில் காட்டுத் திராட்சைகள் இருக்கும். அவற்றில் அந்த ஒடுங்கு வடிவங்கள் அரிது. எனவே ஃப்ளேம் சீட்லெஸ் தன் எஸ்டிஐ வடிவத்தைப் பாதிக் கன்றுகளுக்குக் கொடுத்திருந்தாலும், அவற்றுள் ஒரு பகுதியில் விதை ‘கொஞ்சம் சிறிதாக’ ஆவதோடு நின்றிருக்கும். 26-க்கு ஐந்து என்பது இத்தகைய கலப்புக்கு இயல்பானதே.

ஒன்று செய்து பாருங்கள். விதையுள்ளவை என்று நீங்கள் ஒதுக்கிய 21 கொடிகளின் விதைகளையும் தனித்தனியே எடுத்து, காயவைத்து, எடை போடுங்கள். தண்ணீரில் மிதப்பவை எத்தனை, அமிழ்பவை எத்தனை என்றும் எண்ணுங்கள். நீங்கள் இரண்டு பெட்டிகளாகப் பிரித்தது உண்மையில் ஒரு சரிவாக இருப்பதைக் காண்பீர்கள்.

பந்தல்நிழல்

மிக்க நன்றி ஐயா. ஒதுக்கிவைத்த உலர்ந்த குலைகளிலிருந்து விதைகளை எடுத்து எடை போட்டேன். நீங்கள் சொன்னபடியே சரிவாகத்தான் இருக்கிறது; ஏழு கொடிகளின் விதைகள் மற்றவற்றின் பாதி எடைகூட இல்லை, பெரும்பாலும் மிதக்கின்றன. மேலும், சுவடு மட்டுமே உள்ளதாக நான் குறித்த ஐந்தில் ஒன்று, சென்ற ஆண்டு மெல்லியதாகவும் இந்த ஆண்டு பல்லில் படும் அளவுக்குக் கெட்டியாகவும் இருந்தது. இப்படி மாறுமா?

சூல்முடிச்சு

மாறும். பூத்த பின் வரும் வாரங்களின் வெப்பநிலை, கொடியின் காய்ச்சுமை ஆகியவற்றைப் பொறுத்துச் சுவடு கெட்டிப்படுவது கூடும், குறையும். அதனால்தான் ஒரே பருவத்தின் சுவையை வைத்து ரகத்தைத் தீர்மானிப்பதில்லை. குறைந்தது மூன்று அறுவடைகள் வேண்டும்.

திசுக்குடுவை

இழையின் போக்கில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். விதையுள்ள தாய், விதையில்லாத் தந்தை என்ற வழியிலேயே நீங்கள் சென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் பெரும்பகுதிக் கன்றுகளை வளர்த்துவிட்டு வீசத்தான் வேண்டியிருக்கும். முப்பது கொடிகளுக்கு மட்டும் இடம் உள்ளவருக்கு அது கட்டுப்படியாகாது. இரு பெற்றோரும் விதையில்லாதவையாக இருந்தால் பிறக்கும் கன்றுகளில் விதையில்லாதவற்றின் விகிதம் பல மடங்கு உயர்கிறது.

அதற்குத் தடையாக இருந்தது ஒன்றுதான்: தாய்க்கொடியில் கரு பாதியில் மடிந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ராமிங், எமர்ஷாட் ஆகியோர் 1980-களின் தொடக்கத்தில், கரு மடிவதற்கு முன் சூலைப் பிரித்தெடுத்து ஊட்டக்கூழில் வளர்த்து அந்தத் தடையைத் தாண்டினார்கள். கருமீட்பு என்று நாம் சொல்வது இதைத்தான். பொதுவாகப் பூத்த 40 முதல் 60 நாட்களுக்குள் பிஞ்சுகளைப் பறித்து, மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து, சூல்களை எடுத்துக் குடுவையில் வைக்கிறோம். இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் சூலைக் கீறிக் கருவை வெளியே எடுத்து முளைக்கவைக்கிறோம். எடுக்கும் நாள் ரகத்துக்கு ரகம் வேறுபடும். ஒரு வாரம் பிந்தினாலும் கரு கரைந்திருக்கும், முந்தினால் அது தன்னைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. காற்றுவடிகட்டும் மேடையும் அழுத்தக் கொப்பரையும் உள்ள சிறிய திசுவளர்ப்புக் கூடத்தின் உதவி கிடைத்தால், பந்தல்நிழல் தம் இரண்டு விதையில்லாக் கொடிகளையே தாயாக்கி முன்னேறலாம்.

கொடித்தடம்

திசுக்குடுவை சொல்லும் முறை உண்மையிலேயே இந்தத் துறையின் திருப்புமுனை; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த இழையைத் தொடங்கியவரின் கையில் இருக்கும் செடிகளை வைத்துப் பார்த்தால், அவர் பிடுங்க நினைக்கும் விதையுள்ள கொடிகளுக்குள்ளேதான் அவருடைய மிகச் சிறந்த சொத்து இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அடிச்சாம்பல் நோய்க்கு எதிராகப் பழைய பிரெஞ்சு–அமெரிக்கக் கலப்பினங்கள் பலவற்றில் இருக்கும் முதன்மை எதிர்ப்பு, ஆர்பிவி3 என்னும் இடத்திலிருந்து வருகிறது. உங்கள் தாய்க்கொடியும் அந்த வழியைச் சேர்ந்ததாக இருந்தால், அந்த இடமும் அதே 18-ஆம் குரோமோசோமில், விதையின்மையை ஆளும் எஸ்டிஐக்கு மிக அருகில் இருக்கிறது. சீனக் காட்டுத் திராட்சையான விட்டிஸ் ரொமானெட்டியிலிருந்து வந்த, அடிச்சாம்பலிலிருந்து வேறான சாம்பல் நோயைத் தடுக்கும் ரென்4-உம் அதே குரோமோசோமில்தான். இப்போது உங்கள் கன்றுகளை எண்ணிப் பாருங்கள். தாயிடமிருந்து வந்த 18-ஆம் குரோமோசோமில் எதிர்ப்பும் விதையுள்ள வடிவமும் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. தந்தையிடமிருந்து வந்த இணையில் விதையின்மை இருக்கிறது, எதிர்ப்பு இல்லை. முதல் தலைமுறைக் கன்று ஒன்று இரண்டையும் பெற்றுவிட முடியும். உங்கள் இரண்டு கொடிகள் அப்படிப்பட்டவையே. ஆனால் அந்தக் கன்று தன் பிள்ளைக்கு அந்த இணையிலிருந்து ஒன்றைத்தான் கொடுக்கும். எதிர்ப்பைக் கொடுத்தால் விதையின்மை பின்தங்கிவிடும். விதையின்மையைக் கொடுத்தால் எதிர்ப்பு பின்தங்கிவிடும். இரண்டு இடங்களுக்கும் நடுவே குறுக்குமாற்றம் நிகழ்ந்த மிகச் சில கன்றுகள் மட்டுமே இரண்டையும் ஒரே இழையில் பெறும். அவ்வளவு நெருக்கத்தில் அத்தகைய கன்றைக் கண்டெடுக்க நூற்றுக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, மூலக்கூறு குறியீடுகளால் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

ஆகவே, விதையின்மையை எதிர்ப்புள்ள கொடியிடமிருந்து எதிர்பார்க்காமல், ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபுறத்திலிருந்து, அதாவது நல்ல பழத்தரமுள்ள விதையில்லாத் தந்தையின் மகரந்தத்திலிருந்து கொண்டுவருவதே எளிய வழி. அப்படியானால் எதிர்ப்புள்ள பெற்றோர் விதையுள்ளதாக இருப்பது குறையல்ல, வசதி. விதை இயல்பாக முதிரும், ஆய்வுக்கூடமே தேவையில்லை, ஒரு குலையிலிருந்தே ஐம்பது நூறு விதைகள் கிடைக்கும். உங்கள் 21 கொடிகளில் இலையும் குலையும் தூய்மையாக, பழம் ஓரளவு பெரிதாக, சதை கெட்டியாக, உதிராமல் நிற்கும் மூன்றோ நான்கோ இருக்குமானால் அவையே உங்கள் அடுத்த தலைமுறையின் தாய்கள். அவற்றிலும் விதை எடை குறைந்த, பாதி மிதக்கும் கொடி ஒன்று இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். சூல்முடிச்சு குறிப்பிட்ட ஒடுங்கு மரபணுக்களில் சில அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

இந்த முதல் கலப்பிலிருந்து ஒரு ரகம் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் பலரைத் தளரச் செய்கிறது. நானும் அப்படித் தளர்ந்து, என் முதல் தலைமுறையின் விதையுள்ள கொடிகள் அனைத்தையும் வெட்டி எறிந்தவன். அவற்றுள் ஒன்று, மருந்தே இல்லாமல் ஆறு பருவங்கள் ஒரு புள்ளியும் இல்லாமல் நின்ற கொடி. அதைப் போன்ற இன்னொன்று எனக்குக் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இலைவட்டு

நல்ல விவாதம். நோய்ப் பக்கத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

மழைப் பருவத்தில் மருந்தில்லாமல் விட்டதால் உங்கள் கன்றுகள் அடிச்சாம்பல் நோய்க்குத்தான் சோதிக்கப்பட்டன. அதன் நுண்ணுயிரி உண்மையான பூஞ்சையன்று, நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது; இலையில் ஈரம் நின்றால்தான் அதன் நீந்தும் வித்துக்கள் அடிப்புறத்து இலைத்துளை வழியே நுழையும். சாம்பல் நோய்க்குக் காரணமான எரிசைஃபி நெகேட்டருக்கு இலையின் மேல் நீர் தேவையில்லை. மழையற்ற, நிழலடர்ந்த பந்தலில்தான் அது தழைக்கும். ஒரு நோயைத் தாங்கும் மரபணு மற்றதைத் தடுக்க வேண்டிய அவசியமில்லை. ஆர்பிவி3 உள்ள கொடி சாம்பல் நோயில் வெண்மையாகப் பூத்துப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே அடுத்த வறண்ட பருவத்தையும் தெளிப்பில்லாமல் கடக்கவிட்ட பிறகு தாய்களைத் தேர்ந்தெடுங்கள். தளிர்த்தண்டிலும் பிஞ்சிலும் குழிந்த புண்ணாக வரும் பறவைக்கண் நோயையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இலை தூய்மையாக இருப்பதால் குலையும் தூய்மையாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. பூங்கொத்தும் இளம் பிஞ்சும் இலையைவிட எளிதில் பாதிக்கப்படும் கொடிகள் உண்டு. பிஞ்சு கட்டி மூன்று நான்கு வாரங்கள் கடந்தால் எந்த ரகத்தின் காயும் சாம்பல் நோய்க்குப் பெருமளவு இடங்கொடாது. எனவே நீங்கள் குலையைப் பார்க்க வேண்டியது அறுவடையின்போது அல்ல, பூத்த முதல் மூன்று வாரங்களில். உண்ணும் திராட்சையில் குலைத்தண்டு பழுப்பேறினாலே பழம் விலைபோகாது என்பதால் தண்டையும் மதிப்பிடுங்கள்.

எந்தக் கொடியின் எதிர்ப்பு வலுவானது என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. நுனியிலிருந்து நான்காம் ஐந்தாம் இலைகளில் வட்டத் துண்டுகள் வெட்டி, அடிப்புறம் மேலே தெரிய, ஈரத் தாளின் மேல் மூடிய தட்டில் வையுங்கள். நோயுற்ற இலையின் புதிய வெண்படலத்தைச் சுத்தமான நீரில் கரைத்து ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொட்டு இட்டு, ஓர் இரவு இருட்டில் வைத்து, மறுநாள் சொட்டை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஐந்து முதல் ஏழு நாட்களில் பலவீனமான கொடியின் துண்டில் பஞ்சுபோல் வெண்படலம் நிறையும். எதிர்ப்புள்ள கொடியில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் தோன்றி நோய் அங்கேயே நின்றிருக்கும்.

பந்தல்நிழல்

இலைவட்டுச் சோதனையைக் கட்டாயம் செய்கிறேன். ஓர் ஐயம்: ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நம்பி இத்தனை ஆண்டுகள் உழைப்பது தகுமா? நோய்க்கிருமி மாறிக்கொள்ளாதா?

இலைவட்டு

மாறிக்கொண்டிருக்கிறது. ஆர்பிவி3 உள்ள பியாங்கா ரகத்தின் எதிர்ப்பை மீறிய அடிச்சாம்பல் வகை ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது 2010-இல் வெளியிடப்பட்டது. மஸ்கடைன் திராட்சையிலிருந்து வந்த ரன்1-ஐ மீறும் சாம்பல் நோய் வகையும் வட அமெரிக்காவில் அறியப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு மரபணு மட்டும் உள்ள ரகத்தை வெளியிடுவது, அந்த மரபணுவையே அனைவருக்குமாகச் செலவழித்துவிடுவதற்கு ஒப்பானது. இதை நான் மிகுந்த கவலையுடன் சொல்கிறேன். மது வகைத் திராட்சையில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு வளர்ப்பாளர்கள் 2018-இல் பதிவுசெய்த அர்டபான், விடோக், ஃப்ளோரியால், வோல்டிஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு நோய்க்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்தே வெளியிட்டார்கள். உண்ணும் விதையில்லாத் திராட்சையில் அதே ஒழுங்கு இன்னும் பரவலாகவில்லை.

உங்களுக்கு நடைமுறையில் இதன் பொருள்: இன்னொரு எதிர்ப்பு ஊற்றையும் இப்போதே தேடி வையுங்கள். ஆசியக் காட்டுத் திராட்சையான விட்டிஸ் அமுரென்சிஸ் வழி வந்த ஆர்பிவி10 ஒன்பதாம் குரோமோசோமிலும், ஆர்பிவி12 பதினான்காம் குரோமோசோமிலும் இருக்கின்றன. கொடித்தடம் விளக்கிய 18-ஆம் குரோமோசோம் சிக்கல் இவற்றுக்கு இல்லை. விதையின்மையோடு தடையின்றிச் சேரும்.

கனிச்சுவை

நான் நோயைப் பற்றிப் பேசப்போவதில்லை. பழத்தைப் பற்றி மட்டும். நோய் தாங்கும் விதையில்லாத் திராட்சை என்பது புதிய கனவன்று. நியூயார்க்கின் ஜெனீவா ஆய்வு நிலையம், ஒண்டாரியோ என்ற விதையுள்ள கொடியைத் தாம்சன் சீட்லெஸ்ஸுடன் கலந்து 1952-லேயே ஹிம்ராடை வெளியிட்டது. ஆர்கன்சா பல்கலைக்கழகம் வீனஸ், மார்ஸ், ஜூபிட்டர் என்று வரிசையாகக் கொடுத்தது. இவை வீட்டுத் தோட்டங்களில் நன்றாக வேரூன்றின. ஆனால் தொலைதூரச் சந்தைக்குச் செல்லும் திராட்சையின் இடத்தைப் பிடிக்கவில்லை. லாப்ரஸ்கா என்னும் அமெரிக்கத் திராட்சை இனத்தின் கடும் வாசனை, தோலைவிட்டு நழுவும் சதை, காம்பிலிருந்து உதிரும் தன்மை ஆகியவையே காரணம். பந்தல்நிழலின் இரண்டு கொடிகளிலும் இருப்பது இதே குறைதான். அவற்றைப் பெருக்கினால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பலர் வந்து நின்ற இடத்தில் நீங்களும் வந்து நிற்பீர்கள்.

இந்தக் குறைகள் ஒரே கலப்பில் போகாது. கடிக்கும்போது நறுக்கென்று உடையும் சதை பல மரபணுக்களின் சேர்க்கை. ஐரோப்பியத் திராட்சை இனமான வினிஃபெராவின் இரத்தம் ஒவ்வொரு தலைமுறையிலும் கூடும்போதுதான் அது திரும்பி வரும். அதே தந்தையுடன் மீண்டும் கலக்காதீர்கள். திராட்சை உட்கலப்பைத் தாங்காது. கன்றுகள் நலிந்து, காய்ப்பு குன்றும். முதல் கலப்புக்கு ஃப்ளேம் என்றால் அடுத்ததற்கு கிரிம்சன், அதற்கடுத்து ஆட்டம் ராயல் என்று தந்தையை மாற்றிக்கொண்டே செல்லுங்கள். தாம்சன் சீட்லெஸ் இவை எல்லாவற்றின் முன்னோரிலும் இருப்பதால், எவ்வளவு தொலைவான உறவோ அவ்வளவு நல்லது.

பொறுமையாகச் சென்றவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. பிரேசிலின் எம்ப்ராபா நிறுவனம் 2012-இல் வெளியிட்ட பிஆர்எஸ் விட்டோரியா, அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் கரிய விதையில்லாத் திராட்சை. அதன் சுவைக்காகவே மக்கள் தேடி வாங்குகிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: கன்றுகளின் பழத்தை மதிப்பிடும் ஆண்டுகளில் ஜிப்ரலிக் அமிலம் தெளிக்காதீர்கள். அது பழத்தைப் பெரிதாக்கிக் குறையை மறைத்துவிடும். கொடி தானாக எவ்வளவு பெரிய பழம் தருகிறது என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மேகநிழல்

இடையில் ஒரு கேள்வி. மரபணுத் திருத்தம் வந்துவிட்ட நிலையில் இத்தனை தலைமுறைக் கலப்பு தேவையா? தாம்சன் சீட்லெஸ்ஸிலேயே நோய்க்கு வழிவிடும் மரபணுக்களை முடக்கிவிடலாமே.

கொடித்தடம்

எம்எல்ஓ வகை மரபணுக்களின் செயலை அடக்கினால் சாம்பல் நோய் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரகத்தின் அடையாளம் மாறாமல் ஒரு குறையை மட்டும் திருத்தும் அந்த வழியை நான் மதிக்கிறேன். ஆனால் அது கருவிகளும் அனுமதிகளும் உள்ள நிறுவனங்களின் வேலை. மேலும், புதிய சுவையும் புதிய பருவமும் கலப்பிலிருந்துதான் பிறக்கும். இந்த இழைக்கு உரிய செடிகள் ஏற்கெனவே பந்தலில் நிற்கின்றன.

பந்தல்நிழல்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மீண்டும் படித்தேன். இலைவட்டுச் சோதனையில் விதையுள்ள 21-இல் எட்டுக் கொடிகள் புள்ளியோடு நின்றன. அவற்றுள் மூன்று பழத்திலும் கெட்டியானவை, ஒன்று பாதி மிதக்கும் விதையுடையது. இந்த நான்கையும் வைத்துக்கொள்கிறேன். விதையில்லாத இரண்டையும் பெருக்காமல், ஒவ்வொரு கொடி மட்டும் வைத்திருந்து, அவற்றின் மகரந்தத்தை அமுரென்சிஸ் வழிவந்த ஒரு விதையுள்ள தாய்க்குப் பயன்படுத்திப் பார்க்கிறேன். மற்றவற்றை அகற்றி அடுத்த நாற்றுகளுக்கு இடம் விடுகிறேன்.

என் சிக்கல்: கிரிம்சன் சீட்லெஸ் என் தாய்க்கொடிகளைவிட இரண்டு வாரம் பிந்திப் பூக்கிறது. மகரந்தத்தை எப்படிப் பொருத்துவது?

சூல்முடிச்சு

இந்த ஆண்டு மகரந்தத்தை அடுத்த ஆண்டுக்குச் சேமியுங்கள். பூவை மூடியிருக்கும் இதழ்த்தொப்பி விழத் தொடங்கும் பூங்கொத்துகளைக் காலையில் பறித்து, மகரந்தப்பைகளைத் தாளில் உதிர்த்து, நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, சிறு புட்டியில் இட்டு, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் உறைநிலையில் வையுங்கள். ஓராண்டு வரை முளைதிறன் நிற்கும்.

உங்கள் நான்கு தாய்களும் இருபால் பூக்கள் உடையவை என்றால், தொப்பி தானாகத் திறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நுண்ணிய இடுக்கியால் தொப்பியையும் மகரந்தத்தாள்களையும் சேர்த்து எடுத்துவிட்டு, ஏற்கெனவே திறந்த பூக்களைக் கிள்ளி எறிந்து, கொத்தைத் தாள் உறையால் மூடுங்கள். சூல்முடியில் பளபளக்கும் நீர்த்துளி தெரியும் காலையில் தூரிகையால் மகரந்தம் தொட்டு வையுங்கள், மறுநாளும் ஒருமுறை. உறையின் மேல் தாயின் எண், தந்தையின் பெயர், நாள் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். மை மழையில் கரைந்துவிடும்.